ரத்தத்தில் ஜிங்க் குறைந்தால் அல்சைமர் வருமா? கொரிய ஆய்வு சொன்னதும், சொல்லாததும்

கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட ஜிங்க் மாத்திரை அட்டை ஒன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இன்னும் கிடக்கலாம். வைட்டமின் சி-யும் ஜிங்க்கும் அப்போது பிரிக்க முடியாத ஜோடி. இப்போது அதே ஜிங்க் வேறொரு விஷயத்தில் அடிபடுகிறது: ரத்தத்தில் ஜிங்க் குறைவாக இருக்கும் முதியவர்களுக்கு, அல்சைமர் நோயில் வரும் மாற்றங்கள் மூளையில் அதிகமாக இருக்கின்றனவாம்.

தெரிந்தவர்களின் பெயரை மறக்கும் அம்மாவோ, சொன்ன கதையையே திரும்பச் சொல்லும் அப்பாவோ வீட்டில் இருந்தால், இதைக் கேட்டதும் மனசு நேராக அந்த மருந்து டப்பாவுக்குத்தான் போகும். ‘ஒரு மாத்திரைதானே, கொடுத்துப் பார்ப்போமே’ என்று தோன்றுவது இயல்பு. இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது நிஜமான ஆய்வுதான், வதந்தி இல்லை. ஆனால் அந்த ஆய்வு சொன்ன இடத்திலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம்.

சியோலில் என்ன பார்த்தார்கள்?

தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, மூளை முதுமையையும் அல்சைமரையும் பற்றிய நீண்டகால ஆய்வுத் திட்டம் ஒன்று நடக்கிறது. அதில் சேர்ந்தவர்களில், 55 முதல் 90 வயது வரையிலான 241 பேரை எடுத்துக்கொண்டு ஒரு குழு ஆராய்ந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாகின. இதில் முக்கியமான விஷயம், இந்த 241 பேருக்கும் மறதிநோய் கிடையாது. நினைவாற்றல் சோதனைகளில் எல்லோரும் நார்மல்.

அவர்களின் ரத்தத்தில் ஜிங்க் அளவைப் பார்த்தார்கள். கூடவே மூளையை பெட் ஸ்கேன், எம்ஆர்ஐ என்று பல வகையில் படம் எடுத்தார்கள். ஜிங்க் அளவை வைத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 80 முதல் 90 வரை நடுத்தரம், 90-க்கு மேல் அதிகம்.

ஜிங்க் குறைவாக இருந்த குழுவினரின் மூளையில் ‘அமிலாய்டு பீட்டா’ என்ற புரதப் படிவு அதிகமாக இருந்தது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையே திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும் அதே புரதம். மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே இது சேரத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஆரோக்கியமாக இருப்பவர்களிடமே தேடினார்கள்.

அதோடு, ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை உள்ளவர்களிடம் மட்டுமே இந்தத் தொடர்பு தெளிவாக இருந்தது. அல்சைமர் அபாயத்தை ஏற்கெனவே கூட்டுகிற மரபணு அது. அது இல்லாதவர்களிடம், ஜிங்க் குறைவுக்கும் அமிலாய்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. செய்தித் தலைப்பாகச் சுருங்கும்போது முதலில் காணாமல் போகும் வரி இதுதான்.

அல்சைமரின் இன்னொரு அடையாளம் ‘டாவ்’ என்ற புரதம். நரம்புச் செல்லுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். நினைவாற்றல் இழப்போடு அமிலாய்டைவிட நெருக்கமாகச் சேர்ந்து போவது இந்த டாவ்தான். அதற்கும் ரத்த ஜிங்க்குக்கும் கொரியக் குழு எந்தத் தொடர்பையும் காணவில்லை. மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டதற்கான தடயங்களோடும் தொடர்பு இல்லை. மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் வேகம் ஜிங்க் குறைந்தவர்களிடம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. சத்துக் குறைபாடு உள்ளவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தபோது அதுவும் மறைந்துபோனது.

80 என்ற அந்தக் கோட்டையும் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் பெண்களுக்கு 70, ஆண்களுக்கு 74 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் பொதுவாகக் ‘குறைபாடு’ என்று கணக்கில் எடுப்பார்கள். அதாவது உங்கள் அப்பாவுக்கு 77 என்று வந்தால் லேப் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று சொல்லலாம். இந்த ஆய்வின் கணக்கில் அவர் ‘குறைவு’ குழு. ஆய்வுக்காகப் போட்ட கோடு அது. சிகிச்சைக்கான கோடு கிடையாது.

எது முதலில் வந்தது?

ஜிங்க் குறைந்ததால் அமிலாய்டு சேர்ந்ததா? அல்லது, பின்னாளில் அல்சைமர் வரப்போகிறவர்களின் உடம்பில் ஏற்கெனவே ஏதோ நடந்து, அதனால் ஜிங்க் குறைந்ததா? ஒரே கட்டத்தில் ரத்தத்தையும் ஸ்கேனையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் பாதிக்கிற மூன்றாவது காரணம் ஒன்றுகூட இருக்கலாம்.

அந்த மூன்றாவது காரணத்துக்கு வயதானவர்களிடம் பஞ்சமே இல்லை. பல் போனதால் கடித்துச் சாப்பிட முடியாமல் கஞ்சியும் ரசம் சாதமுமாக வாழ்க்கையை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கறி, கடலை எல்லாம் தட்டிலிருந்து போய்விடும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் தையாசைடு வகை மாத்திரைகள் சிறுநீர் வழியே ஜிங்க்கை வெளியேற்றும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், ரத்தத்தில் இருக்கும் ஜிங்க்கைக் கல்லீரல் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காய்ச்சலிலேயே இது நடக்கும்.

அதற்காக, ஜிங்க் குறைவு காரணமாக இருக்கவே முடியாது என்றும் தள்ளிவிட முடியாது. மூளையில் சேரும் அமிலாய்டை வெட்டி அகற்றுகிற ‘நெப்ரிலைசின்’ என்ற நொதியும், இன்சுலினைச் சிதைக்கும் நொதியும் ஜிங்க் இல்லாமல் வேலை செய்யாது. கத்தரிக்கு நடுவில் இருக்கும் ஆணி மாதிரி அவற்றுக்குள் ஜிங்க் உட்கார்ந்திருக்கிறது. ஜிங்க் பற்றாக்குறை வந்தால் இந்தத் துப்புரவு வேலை மந்தமாகலாம் என்பது அர்த்தமுள்ள ஊகம்தான்.

ஆனால் 1994-ல் வேறொன்று கண்டுபிடித்தார்கள்

இங்கேதான் கதை தலைகீழாகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் ஆஷ்லி புஷ் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் சோதனைக் குழாயில் அமிலாய்டு பீட்டாவோடு ஜிங்க்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். புரதம் மளமளவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டது. இறந்துபோன அல்சைமர் நோயாளிகளின் மூளையைப் பரிசோதித்த பிந்தைய ஆய்வுகளிலும், அமிலாய்டு திட்டுகளுக்குள் ஜிங்க், செம்பு, இரும்பு மூன்றுமே செறிந்து கிடந்தன.

அப்போ ஜிங்க் நல்லவனா, கெட்டவனா?

இதைப் புரிந்துகொள்ள, மூளை ஜிங்க்கை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முனைகளில் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. அவற்றுக்குள் ஜிங்க்கை ஏற்றிவிடுவது ‘ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர்-3’ என்ற புரதம். ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும்போது அந்தப் பை திறந்து ஜிங்க்கும் வெளியே கொட்டும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப அள்ளிக்கொள்ள வேண்டும். அள்ளாமல் விட்டால், பக்கத்தில் இருக்கும் அமிலாய்டோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு.

இந்த ஏற்றுமதிப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அமிலாய்டு சேரும்படி மாற்றப்பட்ட எலிகளில் இந்தப் புரதத்தையும் எடுத்துவிட்டபோது, திட்டுகள் குறைந்தன. இது 2002-ல் வெளியான முடிவு, கொரிய விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. ஆஹா என்று முடிவுக்கு வருவதற்குள் 2010-ல் இன்னொரு முடிவு வந்தது. இதே புரதம் இல்லாத எலிகள் வயதானபோது நினைவாற்றலை இழந்தன. ஜிங்க் அங்கே கொட்டினாலும் பிரச்சினை, கொட்டாமல் போனாலும் பிரச்சினை.

ஆக, மூளைக்குள் ஜிங்க் ‘அதிகமா, குறைவா’ என்ற கேள்வியே சரியாக இல்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், ஆனால் ஒரே ஒரு தெருவில் மட்டும் முழங்கால் அளவு தேங்கி நிற்கிறது என்றால் எப்படி? கிட்டத்தட்ட அப்படி.

ஜிங்க்கை உருவுவதற்கும் மருந்து பார்த்தார்கள்

இன்று ‘ஜிங்க் கொடுக்கலாமா’ என்று நாம் யோசிக்கிறோம். விஞ்ஞானிகளில் ஒரு தரப்பு பல வருடம் முயன்றது இதற்கு நேர் எதிர்த் திசையில். அமிலாய்டு திட்டுகளிலிருந்து ஜிங்க்கையும் செம்பையும் உருவி எடுத்தால் திட்டு கரையுமா என்று பார்த்தார்கள்.

அதற்கு முதலில் எடுத்த மருந்து கிளையோகுயினால். ஒரு காலத்தில் வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக விழுங்கிய மருந்து அது. ஜப்பானில் ஆயிரக்கணக்கானோருக்கு கால் மரத்துப்போய், நடை தடுமாறி, சிலருக்குப் பார்வையும் போன ‘ஸ்மான்’ என்ற கொடுமையான நரம்பு நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு, 1970-ல் அங்கே தடை செய்யப்பட்டது. அந்தக் கறையோடேயே அல்சைமருக்குச் சோதித்தார்கள். பிறகு அதே குடும்பத்தில் பிபிடி2 என்ற புதிய மருந்தை உருவாக்கினார்கள். 2008-ல் வெளியான முதல்கட்ட நோயாளி ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. 2014-ல் வந்த அடுத்த ஆய்வில், மூளை அமிலாய்டைக் குறிப்பிடத்தக்க அளவில் அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. அதோடு வேகம் அடங்கிவிட்டது.

ஒரே உலோகம். கொடுக்கவும் ஒரு தியரி, எடுக்கவும் ஒரு தியரி. வீட்டு மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன் இது ஒன்றாவது நினைவில் இருப்பது நல்லது.

ரத்தக் கணக்கு வேறு, மூளைக் கணக்கு வேறு

நம் உடம்பில் மொத்தமே 2 முதல் 3 கிராம் ஜிங்க்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். லேபில் அளக்கும் ரத்த நீர்ப் பகுதியில் இருப்பது மொத்தத்தில் சுமார் 0.1 சதவீதம். உங்கள் பர்ஸில் இருக்கும் சில்லறையை எண்ணி பேங்க் பேலன்ஸைச் சொல்ல முயல்வது மாதிரி.

அந்தச் சில்லறையும் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. சாப்பிட்டதும் குறையும், காலையில் கூடுதலாக இருக்கும், காய்ச்சலில் இறங்கும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், அவற்றுக்குள் இருக்கும் ஜிங்க் கலந்து ரிப்போர்ட் பொய்யாக ஏறும். டியூபின் ரப்பர் மூடியிலிருந்துகூட ஜிங்க் கலக்க வாய்ப்பு உண்டு. அதற்கென்றே தனி டியூப் வைத்திருக்கிறார்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ‘ஃபுல் பாடி செக்கப்’ ஆஃபரில் எடுத்த ஜிங்க் எண்ணை வைத்து மூளையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூளையோ தன் ஜிங்க்கைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் ஜிங்க் போவது மெதுவாக, கடும் கட்டுப்பாட்டோடு நடக்கும் வேலை. ரத்தத்தில் கூட்டினால் மூளையில் அதே அளவு கூடும், அதுவும் சரியான இடத்தில் கூடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கொடுத்துப் பார்த்தபோது என்ன ஆச்சு?

வயதானவர்களுக்கு வருடக்கணக்கில் ஜிங்க் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆனால் அது தொடங்கியது கண்ணுக்காக. முதுமையில் பார்வையைப் பறிக்கும் விழித்திரைச் சிதைவைத் தடுக்க முடியுமா என்று பார்க்க, அமெரிக்க தேசிய கண் நிறுவனம் நடத்திய ஆய்வு. தினமும் 80 மில்லிகிராம் ஜிங்க் ஒரு குழுவுக்கு, ஆன்டிஆக்ஸிடன்ட் வைட்டமின்கள் ஒரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து ஒரு குழுவுக்கு, வெற்று மாத்திரை ஒரு குழுவுக்கு. கண்ணைப் பொறுத்தவரை ஜிங்க்கும் வைட்டமின்களும் சேர்ந்த கலவைக்கு ஓரளவு பலன் கிடைத்தது.

அதே ஆட்களில் 2,166 பேரின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதித்தார்கள். நடுமதிப்பாக 6.9 வருடம் மாத்திரை சாப்பிட்டவர்கள். 2004-ல் முடிவு வந்தது. ஜிங்க் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இதற்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. அவர்கள் ஜிங்க் குறைவாக இருக்கிறது என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஏபிஓஇ-4 உள்ளவர்கள் என்றும் பிரித்து எடுக்கப்படவில்லை. கொரிய ஆய்வு காட்டிய திசையில் போக வேண்டுமானால், ஜிங்க் குறைவும் அந்த மரபணுவும் இரண்டும் உள்ளவர்களுக்குக் கொடுத்து, வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். என் பார்வையில், ‘ஜிங்க் வேஸ்ட்’ என்று சொல்ல இந்த 2004 முடிவு போதாது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தால் மூளைக்குப் பலன் வரும் என்ற நம்பிக்கைக்கு அது பலமான அடி.

‘ஒரு மாத்திரைதானே’

மேலே சொன்ன கண் ஆய்வில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. ஜிங்க்கோடு 2 மில்லிகிராம் செம்பையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஏன்?

ஜிங்க் அதிகமாக உள்ளே போனால், குடலின் உட்சுவரில் உலோகங்களைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் அதிகமாகச் சுரக்கும். அந்தப் புரதத்துக்கு ஜிங்க்கைவிடச் செம்பின் மீதுதான் பிடிப்பு அதிகம். சாப்பாட்டில் வரும் செம்பைக் கவ்விக்கொண்டு, குடல் செல்கள் உதிரும்போது கூடவே வெளியே போய்விடும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் செம்புக் குறைபாடு வரும். ரத்தசோகை, வெள்ளணுக்கள் குறைவது, முதுகுத் தண்டு பாதிப்பு எல்லாம் அதனால் வரலாம். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பார்ப்பதற்கு வைட்டமின் பி12 குறைபாடு மாதிரியே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், ‘சுகர்னால கால் மரத்துப்போச்சு’ என்று எல்லோரும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட நிறைய வாய்ப்பு. ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புப் பாதிப்பு முழுசாகத் திரும்புவது கஷ்டம்.

வெளிநாடுகளில் பல் செட் ஒட்டுவதற்கான பசையில் இருந்த ஜிங்க்கால்கூட இது நடந்திருக்கிறது. பொருந்தாத பல் செட்டுக்கு வருடக்கணக்கில் பசையை அள்ளி அப்பியவர்கள் அவர்கள். மறதிக்குப் பயந்து கொடுத்த மாத்திரை நடையைப் பறித்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைய மேல்வரம்பு, மருத்துவர் கண்காணிப்பு இல்லாத நிலையில், 40 மில்லிகிராம். சாப்பாட்டில் வருவதும் இதில் சேர்த்தி. மாத்திரை அட்டையில் ஒரு பொடி எழுத்துச் சிக்கலும் இருக்கிறது. 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட்டில் உண்மையான ஜிங்க் 50 மில்லிகிராம்தான். அட்டையில் எழுதியிருப்பது உப்பின் எடையா, ஜிங்க்கின் எடையா என்று பார்க்க வேண்டும். கொரோனா நேரத்தில் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரைகள் சகஜமாகப் புழங்கின. சில நாட்களுக்கு என்று கொடுத்தது வேறு, வருடம் முழுக்கப் போடுவது வேறு. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் உடம்பில் சேர்வதையும் ஜிங்க் தடுக்கும்.

தட்டில் இருக்கும் ஜிங்க்

மனிதர்களுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதையே 1960-கள் வரை மருத்துவ உலகம் நம்பவில்லை. பிகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர், ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது ஒரு இளைஞரைச் சந்தித்தார். வயது 21, பார்க்க 10 வயதுப் பையன் மாதிரி. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, கூடவே களிமண் தின்னும் பழக்கம். அந்த மாதிரி நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்துதான் ஜிங்க் குறைபாடு என்ற ஒன்றை அவர் நிறுவினார்.

ரொட்டியில் என்ன பிரச்சினை? முழு தானியங்களிலும் பருப்புகளிலும் ‘ஃபைடேட்’ என்ற பொருள் இருக்கிறது. அது ஜிங்க்கைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தானியமே பிரதானமாகச் சாப்பிடும் நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். அதனால்தான் ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் இந்திய ஆண்களுக்குத் தினமும் 17 மில்லிகிராம், பெண்களுக்கு 13.2 மில்லிகிராம். அமெரிக்கர்களுக்கு 11-ம் 8-ம் போதும் என்கிறார்கள்.

நல்ல வேளை, ஃபைடேட்டை உடைக்கிற வேலையை நம் சமையலறை ஏற்கெனவே செய்கிறது. இட்லி மாவு புளிப்பதில், பயறு முளைகட்டுவதில், கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைப்பதில் ஃபைடேட் குறைந்து ஜிங்க் விடுபடும். ஆட்டுக்கறி, நண்டு, முட்டை சாப்பிடுபவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும். சைவம் என்றால் எள்ளு, பூசணி விதை, முந்திரி, நிலக்கடலை, கடலைப் பருப்பு. மெல்ல முடியாத பாட்டிக்கு எள்ளுப் பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம். இதனால் அல்சைமர் வராது என்று அர்த்தமில்லை. ஜிங்க் குறைவு நோய் எதிர்ப்பு சக்தியையும், புண் ஆறுவதையும், நாக்கில் ருசியையும் பாதிக்கும். வயதானவர்களுக்கு அதைச் சரிசெய்ய அந்தக் காரணங்களே போதும்.

சரி, வீட்டில் மறதி ஆரம்பித்திருந்தால்?

மறதிக்காக மருத்துவரிடம் போனால் வழக்கமாகப் பார்ப்பது வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள், மனச்சோர்வு இருக்கிறதா, தூக்கம் எப்படி என்பதெல்லாம்தான். தேவைப்பட்டால் ஸ்கேன். ஜிங்க் அந்த வழக்கமான பட்டியலில் இல்லை. பி12 குறைவோ, தைராய்டு மந்தமோ காரணம் என்றால் சிகிச்சையில் முன்னேற்றம் கிடைக்கலாம். வீட்டிலேயே ஜிங்க் கொடுத்துக் காத்திருக்கும் ஆறு மாதத்தில் அந்த வாய்ப்பு தள்ளிப்போகிறது.

லான்செட் ஆணையம் 2024-ல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் கையாள முடிந்தால் உலகில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. காது கேளாமை, ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, சர்க்கரை, புகை, தனிமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஜிங்க் இல்லை. டிவி சத்தத்தை நாளுக்கு நாள் கூட்டி வைக்கும் அப்பாவுக்குக் காது பரிசோதனை, கண்புரையை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி. இவற்றுக்கு ஜிங்க்கைவிடப் பல மடங்கு ஆதாரம் இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘அது வெறும் சத்து மாத்திரை’ என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகும் அட்டையையும் சேர்த்து. எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். நடையில் தடுமாற்றமோ, பாதத்தில் மரத்துப்போன உணர்வோ இருந்தால், செம்பு அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.